மாமா வெடிச்சத்தம் பழகிய வருஷம்

நாற்பதைத் தாண்டிவிட்ட என் வயதுக்காரர்களே, கொஞ்சம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாருங்கள். நாமெல்லாம் ஆட்டோவில் பள்ளிக்கூடம் போனோமே, அதைச் சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்புவார்களா? பின்சீட்டில் ஒரு கூட்டம், அந்தக் கூட்டத்தின் மடியில் இன்னொரு கூட்டம், எதிரே குறுக்குப் பலகையில் மிச்சப் பேர், டிரைவருக்கு இரண்டு பக்கமும் தொற்றிக்கொண்டு இரண்டு தைரியசாலிகள். பைகளெல்லாம் வெளியே கொக்கியில் தொங்கும். மழை பெய்தால் டிபன் பாக்ஸில் ரசம் எது, மழைத் தண்ணீர் எது என்று தெரியாது. பெற்ற பிள்ளையை ஏசி வண்டியில் ஏற்றிவிட்டு, அது எந்தத் தெருவில் போகிறது என்று செல்போனில் புள்ளியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறோமே, அதே நாம்தான் அப்படிப் போனோம்.

எங்கள் ஆட்டோவை ஓட்டியவர் என் தாய்மாமா. அம்மாவுக்கு ஒரே தம்பி. ஊர், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர் பக்கம். மீசை முளைத்ததும் ராணுவத்தில் சேர்ந்து, அமைதிப்படையோடு இலங்கைக்குப் போய், திரும்பி வந்து, கொஞ்ச காலத்தில் ராணுவத்தை விட்டு விலகியவர். ஒரு கறுப்புத் தகரப் பெட்டியோடு மைசூருக்கு வந்து எங்கள் வீட்டு முன்னறையில் குடியேறினார். பெட்டி மூடியில் வெள்ளைப் பெயின்டில் அவருடைய நம்பரும் பெயரும் இருக்கும். உள்ளே துப்பாக்கி இருக்கிறது என்று நான் வகுப்பில் பீற்றிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அவர் திறந்தபோது எட்டிப் பார்த்தேன். மடித்த கம்பளி, ஷூ பாலிஷ், ஒரு இந்திப் பாட்டு கேசட், பாதி தேய்ந்த சோப்பு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தப் பெட்டியும் இப்போது இல்லை. கொஞ்ச காலம் அம்மா அதில் அரிசி போட்டு வைத்திருந்தாள், அப்புறம் எங்கே போனதென்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். நான் நாலாவது படித்தேன். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. வீடு மண்டி மொஹல்லாவில், மிளகாய் மூட்டைகள் அடுக்கிய ஒரு கிடங்குக்கு எதிரே. மூட்டை இறக்குகிற நாளில் சந்து முழுவதும் தும்மும். சாயங்காலம் காப்பிக்கொட்டை வறுக்கிற வாசனை வந்து எல்லோரையும் சமாதானப்படுத்தும். எங்கள் தலைக்கு மேலே மாடிவீட்டு ஆன்ட்டி. கன்னடக்காரர், ஆபீசுக்குப் போகிறவர், கணவர் வெளியூரில் வேலை. அவருடைய பையன் என் வகுப்பு. அவனும் மாமாவின் ஆட்டோவில்தான் வருவான்.

மாமாவின் பழக்கங்கள் எங்களுக்குப் பெரிய வேடிக்கை. சாப்பிட உட்கார்ந்தால் வாசலைப் பார்த்துத்தான் உட்காருவார். சோறு போட்டுத் திரும்புவதற்குள் தட்டு காலியாகிவிடும். தார் ரோடு முடிந்து மண் தொடங்கினால் அவர் கால் நின்றுவிடும். குழாய் பதிக்க சந்தில் பள்ளம் தோண்டி மூடியிருந்தார்கள். அந்தப் புது மண்ணை மிதிக்க மாட்டாமல் பக்கத்துத் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு வருவார். "மாப்ள மகாராஜா பரம்பரை, மண்ணு ஒட்டக் கூடாது" என்று அப்பா கிண்டல் செய்வார். மாமாவும் சிரிப்பார். மண்ணுக்கடியில் என்னென்ன புதைத்து வைப்பார்கள் என்பது அப்பாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் எங்களோடு சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் ஆபீஸ் சிநேகிதர் வந்திருந்தார். தமிழர். மெட்ராஸ் பக்கம். அம்மா கொடுத்த உப்புமாவைச் சாப்பிட்டு முடித்து, கை கழுவிவிட்டு வந்து, மாமாவிடம் கேட்டார்.

"ஏம்ப்பா, அங்க போயி நம்ம ஜனங்களையேதானே சுட்டீங்க?"

அப்பா சட்டென்று டம்ளரைக் கீழே வைத்தார். மாமா வாளியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வெளியே போய், காலையில் கழுவிய ஆட்டோவை மறுபடி கழுவினார். அது சுத்தமாகத்தான் இருந்தது. தமிழர்களுக்கு அவர் அப்படி ஓர் ஆள். சந்தில் இருந்த கன்னடக்காரர்களுக்கோ அவர் வெறும் "மிலிட்ரி." இரண்டு பேருக்கும் நடுவில் அவர் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். அந்த வேலையை அவர் எவ்வளவு பெரிதாக நினைத்தார் என்று எங்களுக்குப் பின்னால்தான் புரிந்தது.

இனி அந்த மாதத்துக்கு வருகிறேன். ஆகஸ்ட். பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். எங்கள் சந்து முனையில் ஒரு மூட்டை லாரி நின்றிருந்தது. நாங்கள் பக்கத்தில் போகும்போது அதன் பின்சக்கரம் வெடித்தது.

அவ்வளவு பெரிய சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை. அடுத்த நொடி ஆட்டோ நின்றிருந்தது, நான் காற்றில் இருந்தேன். மாமா எங்களை ஒவ்வொருவராகச் சட்டையைப் பிடித்து, கையைப் பிடித்து, கிடைத்ததைப் பிடித்து வெளியே இழுத்து, ரோட்டோரச் சாக்கடைக்குள் தள்ளிக்கொண்டிருந்தார். "வெளிய வாங்க! வெளிய வாங்க!" என்று கத்தினார். நடுவில் இந்தியில் என்னவோ. கடைசியாக அவரும் எங்கள் மேல் வந்து படுத்துக்கொண்டார். என் மூக்கு சேற்றில். முதுகில் அவருடைய பாரம், காக்கிச் சட்டையின் சோப்பு வாசனை. அவர் இருதயம் அடித்தது என் தோளில் கேட்டது.

ஒருவருக்கும் பெரிய காயம் இல்லை. மாடிவீட்டுப் பையனுக்கு முழங்கால் சிராய்ந்திருந்தது. எல்லோரும் சாக்கடை நிறத்தில் இருந்தோம். சுற்றிலும் ஜனம் கூடிச் சிரித்தது. பிறகு அம்மாமார்கள் வந்தார்கள், சிரிப்பு நின்றது.

மாடிவீட்டு ஆன்ட்டி ஆபீஸ் புடவையோடு ஓடி வந்து பையனைத் தூக்கிக்கொண்டார். "ஹுச்சு இவருக்கு! இனிமே என் மகனை இவர் ஆட்டோல கலிசல்லா" என்றார். பைத்தியம், இனி அனுப்பமாட்டேன் என்று. அன்று ராத்திரிக்குள் மற்ற வீடுகளும் அதையே சொல்லிவிட்டன.

அப்பா, மாமாவின் வாயருகே மூக்கைக் கொண்டுபோய் மோந்து பார்த்தார். குடித்திருக்கிறாரா என்று. அதற்கு மாமா அசையாமல் நின்றார், ராணுவத்தில் பரிசோதனைக்கு நிற்பதைப் போல. குடிக்கவில்லை என்று தெரிந்ததும் அப்பாவுக்குக் கவலை அதிகமாகிவிட்டது. குடி என்றால் திட்டலாம், இதை என்ன செய்வது? அம்மா மாமாவை ஹனூர் பக்கம் கூட்டிப்போய் மந்திரித்துக் கயிறு கட்டிக்கொண்டு வந்தாள். நன்றாக யோசித்துப் பாருங்கள். சத்தம் கேட்டதும் ஓடித் தப்பிக்கிறவன் கோழை. இந்த மனுஷர் அத்தனை பிள்ளைகளையும் இழுத்துப் போட்டு, சத்தத்துக்கும் எங்களுக்கும் நடுவில் தன் முதுகை வைத்தார். அத்தனை பெரியவர்கள் இருந்தும் ஒருவருக்குக்கூட அது கண்ணில் படவில்லை. சேறுதான் பட்டது.

பிறகு அம்மா வீட்டில் ஒரு சட்டம் கொண்டுவந்தாள். தம்பி காதில் சத்தமே விழக்கூடாது. குக்கர் பரணுக்குப் போனது, சோறு பழையபடி அண்டாவில் வடித்தாள். கதவிடுக்கில் துணி சுற்றினாள். நான் காகிதப் பையை ஊதி உடைத்ததற்கு முதுகில் ஒன்று விழுந்தது. அப்பா ரேடியோவைக் காதோடு வைத்துச் செய்தி கேட்டார். கடுகு வெடிக்கும்போது அம்மா வாணலியைத் தட்டால் மூடி, மேலே கையையும் வைத்து அமுக்கினாள். பாசம்தான், வேறென்ன. ஆனால் வீடு பரீட்சை ஹாலைப் போல ஆகிவிட்டது. அந்த நிசப்தத்தில் ஒரு ஸ்பூன் விழுந்தாலும் மாமா சுவரோடு ஒட்டிக்கொண்டார். முன்பைவிட மோசமானார்.

பள்ளிச் சவாரி போய்விட்டதால், மாமா பகலில் அதே ஆட்டோவில் மார்க்கெட்டுக்குக் காய்கறி மூட்டை ஏற்றினார். ஒரு நாள் அம்மா, "மூட்டை ஏத்தறதே போதுஞ் சாமி, வம்பில்லாத வேலை" என்றாள்.

"மூட்டைய ஆரு வேணாலும் ஏத்துவாங்கக்கா" என்றார் மாமா. "எனக்குப் பிள்ளைங்கதான் ஓணும். ஏத்தி, பத்திரமா எறக்கி உடோணும். அது நடக்காட்டி நான் ஊரு வந்து சேந்ததுக்கு அர்த்தமில்ல."

அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நாங்கள் கேட்டதில்லை. அம்மா உள்ளே போய்விட்டாள்.

இதெல்லாம் நடக்கும்போது ஊரில் தசரா நெருங்கிக்கொண்டிருந்தது. தசரா ஊர்வலம் கிளம்பும்போது பீரங்கி வெடித்து மரியாதை செய்வார்கள். அந்தச் சத்தத்தில் யானையும் குதிரையும் மிரண்டு கூட்டத்துக்குள் ஓடிவிடக் கூடாதே. அதனால் காட்டிலிருந்து யானைகள் வந்து சேர்ந்த சில நாட்களிலேயே, அரண்மனைக் கோட்டைச் சுவரை ஒட்டிய மைதானத்தில் அவற்றை நிறுத்தி, எதிரே நிஜப் பீரங்கியை வெடித்துப் பழக்குவார்கள். தசராவுக்குள் சில தடவை நடக்கும். தாலீமு என்பார்கள் அங்கே.

முதல் தாலீமின் சத்தம் மார்க்கெட்டில் இருந்த மாமாவுக்குக் கேட்டிருக்கிறது. காய்கறி மூட்டைகளுக்கு நடுவில் படுத்துவிட்டார். எழுப்பிய மூட்டைக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னாராம், ஆனைக்குப் பாடம் நடக்கிறது என்று. மாமா வீட்டுக்கு வந்ததும் நேராக என்னிடம் வந்தார்.

"ஏங் கண்ணு, ஆனை பாக்க வாரியா?"

யானை பார்க்க வரமாட்டேன் என்று சொல்கிற பிள்ளை உண்டா?

அடுத்த தாலீமுக்குப் போனோம். ஆட்டோவை நிறுத்திவிட்டு மைதான ஓரத்தில் மூங்கில் தடுப்புக்குப் பின்னால் நின்றோம். யானைகளை வரிசையாக நிறுத்தி, காலில் சங்கிலி போட்டிருந்தார்கள். பாகர்கள் காதுக்குப் பின்னால் தட்டிக்கொடுத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் போலீஸ் குதிரைகள். யானை லத்தி வாசனை, வைக்கோல் வாசனை. போலீஸ்காரர்கள் பீரங்கி வாயில் மருந்தை வைத்துத் தடியால் குத்திக்கொண்டிருந்தார்கள். மாமா என் கையைப் பிடித்திருந்தார். அவர் உள்ளங்கை ஈரமாக இருந்தது.

"எதுக்கு மாமா என்னையக் கூட்டிட்டு வந்தீங்க?"

"தனியா வந்தா ஓடிப் போயிருவேன். நீ இருந்தா உன்னைய உட்டுட்டு ஓட முடியாதில்ல."

பீரங்கி வெடித்தது. பூமி குலுங்கியது. ஒரு யானை பிளிறிக்கொண்டு பின்னால் திரும்பியது, குதிரைகள் எம்பின, மாமா தரையில் கிடந்தார். குதிரைச் சாணத்தில் முகம். என்னையும் இழுத்துக் கீழே போட்டு, தலைமேல் கை வைத்து அழுத்தியிருந்தார். பக்கத்தில் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது, மறைக்காமல் சொல்கிறேன். மாமா எழுந்து, முதலில் என் பாவாடையைத் தட்டிவிட்டு, அப்புறம் தன் முகத்தைத் துடைத்தார். இரண்டாவது பீரங்கிக்கு மறுபடி நின்றார். மறுபடி விழுந்தார். மறுபடி எழுந்தார். கடைசிவரை இப்படியே. சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, முடியும்போது ஒருவரும் சிரிக்கவில்லை.

முடிந்ததும் பீரங்கிப் போலீஸ்காரர் ஒருவர் தடுப்பைத் தாண்டி வந்தார். காதில் பஞ்சு. "மிலிட்ரியா?" என்றார்.

மாமா விறைப்பாக நின்று தலையாட்டினார்.

"அடுத்த தாலீமுக்கு இப்படி உள்ளே பன்னி" என்றார். உள்ளே வாருங்கள் என்று. காதிலிருந்த பஞ்சில் பாதியைப் பிய்த்து நீட்டினார். மாமா வேண்டாம் என்று கையை மடக்கிவிட்டார்.

திரும்பும்போது ஆட்டோவைக் கிளப்பாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். யானைகளுக்கு வைக்கோலில் வெல்லமும் தேங்காயும் வைத்துச் சுருட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல், சொன்னார்.

"அங்க எங்க பட்டாளத்துல தமிழ் தெரிஞ்சவன் நாந்தான் கண்ணு. எந்த வீடானாலும் என்னையத்தான் முன்னால உடுவாங்க. கதவத் தட்டி, பயப்படாதீங்கன்னு பேசோணும். ஒரு வீட்ல பிள்ளைங்க மட்டும் இருந்துச்சுங்க. உன்ற வயசு, உன்னைய விடச் சின்னது. வெளிய சண்டை. நாந்தான் சொன்னேன், உள்ளயே இருங்க, ஒண்ணுமில்லன்னு. நம்ம பேச்சுப் பேசறேனா, நம்பிட்டுதுங்க."

நான் காத்திருந்தேன்.

"கொஞ்ச நேரத்துல வீட்டு மேலயே குண்டு உழுந்துருச்சு" என்றார் மாமா. "ஆரு போட்டதுன்னுகூடத் தெரியல." பிறகு ஆட்டோவைக் கிளப்பினார்.

நான் எட்டு ஒன்பது வயதுப் பிள்ளை. அதைக் கேட்டு என்ன செய்ய முடியும்? வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் அப்படியே ஒப்பித்தேன். முதலில் அம்மாவுக்குப் பீரங்கி பக்கம் போனதற்கே கோபம் வந்தது. "நாங்க சத்தம் கேக்காம பொத்திப் பொத்தி வெச்சிருக்கறோம், நீ பீரங்கிகிட்டயே போயி நிக்கறியா?" என்று தம்பியைத் திட்டத் தொடங்கினாள். நான் மிச்சத்தைச் சொல்லச் சொல்ல அவள் குரல் இறங்கியது. கடைசியில் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு என்னவோ தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று பயம்.

மறுநாள் காலையில் பரணிலிருந்து குக்கர் இறங்கியது. அம்மா அடுப்பில் வைத்துவிட்டு, முன்னறைக்கு வந்து சொன்னாள். "தம்பி, விசில் அடிக்கும். மூணு."

"அடிக்கட்டும்" என்றார் மாமா. சுவரில் சாய்ந்து, முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். முதல் விசிலுக்கு அவர் குதித்ததில் அம்மாவும் குதித்தாள். அடுத்ததற்கு இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அம்மா அழுதாள். பருப்பு குழைந்து கூழாகிவிட்டது. அப்பா அதையே சாப்பிட்டுவிட்டு ஆபீசுக்குப் போனார். அன்று முதல் ரேடியோ பழைய சத்தத்துக்கு வந்தது.

அடுத்த தாலீமுக்கு மாமா தடுப்புக்கு உள்ளே போய், மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூங்கில் வளைந்தது, அவர் விழவில்லை. அதற்கடுத்ததில் மூங்கிலை விட்டுவிட்டு என் கையை மட்டும் பிடித்திருந்தார். விரல் நசுங்கி நான் கத்தினேன். அந்தக் கத்தலுக்கு அவர் திரும்பி என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்தது வெடித்தது. கண்ணை மூடித் திறந்தார், நின்றார். யானைகளுக்கும் சங்கிலியை எடுத்திருந்தார்கள். முதல் நாள் திரும்பி ஓடப் பார்த்த யானையை மட்டும் ஓரமாக நிறுத்தியிருந்தார்கள். அதன் காது ஒவ்வொரு வெடிக்கும் விரிந்து அடங்கியது, ஆனால் கால் நகரவில்லை. "அவனுக்கு இன்னும் பயந்தான்" என்றார் மாமா. சொன்னபோது முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது.

தசரா அன்று நாங்கள் கூட்டத்துக்குப் போகவில்லை. வீட்டு மொட்டை மாடியில் நின்றோம், மாமா நடுவில். தூரத்துப் பீரங்கிகள் இருபத்தொரு தடவை வெடித்து முடியும்வரை நின்றார். முடிந்ததும், மாடிப்படியில் இறங்கி, ஓரமாகப் போய் வாந்தி எடுத்தார். வாயைக் கொப்பளித்துவிட்டு, "சரி, ஸ்கூல் என்னைக்குத் தொறக்கறாங்க?" என்று கேட்டார்.

தசரா விடுமுறை முடிந்தது. பள்ளி திறந்த அன்று காலையில் மாமா ஆட்டோவைத் துடைத்து, குறுக்குப் பலகையைத் திரும்பப் பொருத்தினார். நான் ஒருத்திதான் சவாரி. ஆனால் அவர் நேராகப் பள்ளிக்கூடம் போகவில்லை. பழைய பிள்ளைகள் வீடு ஒவ்வொன்றின் முன்னாலும் நிறுத்தி, ஹார்ன் அடித்து, பிள்ளை வந்து ஏறுவதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் காத்திருந்தார். ஜன்னல் திறந்தது, மூடியது. அடுத்த வீடு. எனக்கு மானம் போயிற்று. "யாரும் வரமாட்டாங்க மாமா, போகலாம்" என்றேன்.

"அவங்க வர்றது அவங்க இஷ்டம். நிக்கறது என்ற வேலை" என்றார்.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். மாடிவீட்டுப் பையன் அம்மாவின் ஸ்கூட்டரில் எங்களைக் கடந்து போனான். எனக்கு மட்டும் தெரியும்படி கையை அசைத்தான்.

அந்த வாரம் ஒரு சாயங்காலம், அம்மா தலையை வாரி, நல்ல புடவை கட்டிக்கொண்டு மாடிப்படி ஏறினாள். என் அம்மா கன்னடம் பேசினால் அதில் கன்னடம் கால்வாசி, தமிழ் முக்கால்வாசி. காய்கறிக்காரரிடம் பேரம் பேச அது போதும். இதற்குப் போதுமா? நானும் பின்னாலேயே போனேன். அம்மா உட்காரவில்லை. நின்றபடியே, கிடைத்த பாஷையில், அந்த வீட்டுக் கதையைச் சொன்னாள். ஓர் இடத்தில் கன்னடம் வராமல், மாமா சொன்னதைத் தமிழிலேயே சொல்லிவிட்டாள். "உள்ளயே இருங்க, ஒண்ணுமில்ல." அதை இரண்டு தடவை சொன்னாள். "அதுக்குத்தான் அன்னைக்கு அத்தனை பேரையும் வெளிய இழுத்தான். மக்களு சாயபாரதுன்னு" என்றாள். பிள்ளைகள் சாகக் கூடாதே என்று.

மாடிவீட்டு ஆன்ட்டி உள்ளறையில் இருந்த பையனை எட்டிப் பார்த்தார். அவர் பயமும் பொய்யான பயம் இல்லையே. இருக்கிற ஒரு பையன். கடைசியில் சொன்னார். "ஒந்து வார நானே கூத்து நோட்தீனி." ஒரு வாரம் நானே ஆட்டோவில் உட்கார்ந்து பார்க்கிறேன்.

பார்த்தார். ஆபீசுக்குத் தாமதமானாலும் பரவாயில்லை என்று, காலையில் பையனை மடியில் வைத்துக்கொண்டு எங்களோடு வந்து, சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்று, திரும்ப எங்களோடே வீட்டுக்கு வந்தார். கண் முழுவதும் மாமாவின் கையில். எனக்கு ஆட்டோவில் பரீட்சை எழுதப் போவதைப் போல இருந்தது.

மாமாவுக்குப் பயம் போய்விட்டதா என்று கேட்பீர்கள். போகவில்லை. அதற்கப்புறம் பல வருஷம் அவர் பள்ளி ஆட்டோ ஓட்டினார். அந்த ஆட்டோவில் ஏறிய பிள்ளைகளில் சிலர் இன்று மைசூர் ஹெப்பாளில் இருக்கிற பெரிய கம்பெனிக்கு அதன் பஸ்ஸிலேயே போய் வருகிறார்கள். தலை நரைத்த பிறகும் மாமா கல்யாண வீட்டில் வேட்டுச் சத்தம் கேட்டால் கல்லாகிவிடுவார், தார் ரோட்டை விட்டு மண்ணில் இறங்கமாட்டார். குணமாகிவிட்டார் என்று நான் உங்களுக்கு இனிப்பாகச் சொல்லலாம், அது பொய். அவர் பயத்தை வைத்துக்கொண்டே வண்டி ஓட்டினார். எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

ஆன்ட்டி எங்களோடு ஆட்டோவில் வந்த அந்த வாரத்தின் நடுவிலேயே தீபாவளி வந்தது. தீபாவளிக்கு முன்தினம் காலை, பள்ளிக்கூடம் போகிற வழி. மண்டி மொஹல்லாவின் குறுகலான திருப்பத்தில் ஒரு சாக்குத் துண்டுக்கு அடியில் யாரோ ஆட்டம் பாம் வைத்துவிட்டு ஓடினார்கள். நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் வெடித்தது.

ஆட்டோ குலுங்கி நின்றது. புகை. மாடிவீட்டுப் பையன் வீல் என்றான். மாமாவின் வலது கை ஹேண்டிலை விட்டு மேலே எழும்பியது. அந்தக் கை எங்கே வரும் என்று எனக்குத் தெரியும், என் காலரைப் பிடிக்க வரும். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆன்ட்டி பையனைச் சேர்த்து அணைத்துக்கொண்டு கம்பியைப் பிடித்தார்.

ஒன்றும் நடக்கவில்லை. கண்ணைத் திறந்தேன். மாமாவின் கை மறுபடி ஹேண்டிலில் இருந்தது. கழுத்து நரம்பு புடைத்து, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பின்னால் திரும்பி எங்களைப் பார்த்தார். வாய் இரண்டு தடவை திறந்து மூடியது. பிறகு சொன்னார்.

"உள்ளயே இருங்க. ஒண்ணுமில்ல."

மாடிவீட்டு ஆன்ட்டிக்குத் தமிழ் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் அந்தச் சொற்கள் தெரியும். அவர் மாமாவின் முகத்தையே பார்த்தார். கண்ணில் தண்ணீர் நின்றது.

"ஹோகி" என்றார். போங்கள்.

மாமா முன்னால் திரும்பினார். கியரைப் போட்டு, ஒருவரையும் இடிக்காமல் அந்தத் திருப்பத்தைத் தாண்டி, எங்களைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கினார். ஆன்ட்டி மாமா பக்கம் திரும்பாமல் இறங்கினார். பையன் சட்டையைச் சரிசெய்து உள்ளே அனுப்பிவிட்டு, ஆபீஸ் பக்கம் நடந்து போனார்.

சாயங்காலம் மணி அடித்தது. நான் ஓடி வந்து ஏறிக்கொண்டேன். மாமா வாசலையே பார்த்துக்கொண்டு ஆட்டோவுக்கு வெளியே நின்றார். கூட்டம் குறைந்தது. மற்ற ஆட்டோக்கள் கிளம்பின. ஆன்ட்டி வழக்கமாக நிற்கிற மரத்தடியில் அவர் இல்லை. ஸ்கூட்டரும் இல்லை. மணி அடித்ததுமே பையனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார் என்று நினைத்தேன். மாமாவும் அப்படித்தான் நினைத்திருப்பார். அவர் முகம் தொங்கிவிட்டது.

அப்போது கேட்டுக்குள்ளிருந்து மாடிவீட்டுப் பையன் தனியாக வந்தான். பையைக் கொக்கியில் மாட்டிவிட்டு, என்னைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு ஏறினான்.

"எல்லிடா உங்கம்மா?" என்று மாமா அவனிடம் கேட்டார். எங்கேடா உன் அம்மா என்று.

"அம்மா பரல்லா" என்றான் அவன். அம்மா வரமாட்டாங்க. "நீங்க இருக்கீங்கல்லா, அதனால ஆபீசுலயே இருக்கேன்னாங்க."